கேஜு எங்க நிக்குது?

எங்க மாமா 22 வருஷம் கோலார் தங்கவயல்ல வைண்டிங் இன்ஜின் ட்ரைவர். ட்ரைவர்னா லாரி ட்ரைவர் இல்ல, சுரங்கத்துக்குள்ள ஆளுங்கள எறக்கி ஏத்தற கேஜு இருக்குல்ல, அத மேல ஒரு ரூம்ல உக்காந்து ஓட்டறவர். 79ல சேந்தார், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்த மூடற வரைக்கும் அதே வேலை, அதே நாற்காலின்னே சொல்லலாம். இதுல வேடிக்கை என்னன்னா இவர் சுரங்கத்துக்குள்ள எறங்கினது மொத்தமே ஒரு தடவ.

அதுவும் வேலைக்கு சேந்த முதல் மாசம். பெரிய ட்ரைவர் ஒருத்தர் இவர கேஜுல ஏத்தி கீழ அனுப்பி, பாதி வழியில வேணும்னே பிரேக்க கொஞ்சம் முரட்டுத்தனமா புடிச்சிருக்கார். மேல வந்ததும் "எப்படி இருந்துச்சு? உள்ள நிக்கறவனுக்கு அப்படித்தான் இருக்கும், ஞாபகம் வெச்சிக்கோ"ன்னாராம். "அன்னிக்கு எகிறின வயிறு இன்னும் ஒழுங்கா வந்து ஒக்காரலடா"ம்பார் மாமா. அதுக்கப்புறம் எறங்கவே இல்ல.

இந்த மாமாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஒரு அரிப்பு. கடைசி நாள் கடைசி ஷிப்டு இவரோடது இல்ல. இவரோட இன்ஜின்ல கடைசியா ஓட்டினது இவரோட கூட்டாளி, அவர் இப்ப உயிரோட இல்ல. அப்ப கேஜு ரெண்டும் எங்க நிக்குது? ரிடையர் ஆன ஆளுங்க டீக்கடையில ஒக்காந்தா இந்த பேச்சு எப்படியாவது வந்துரும், ஒருத்தர் ரெண்டும் நடுவுலன்னுவார், இன்னொருத்தர் ரெண்டையும் மேல இழுத்து கழட்டிட்டாங்கம்பார், மாமா மட்டும் "போய் பாத்தாதான்டா தெரியும்"ன்னு முடிச்சிருவார். யாரும் போய் பாக்கல. பாக்கவும் விட மாட்டாங்க, எல்லாம் வேலி போட்டு காவல் இருக்கற எடம்.

போன மாசம் எங்கெங்கயோ அலைஞ்சு, மனு எழுதி, ஒரு அரை நாளைக்கு மேல்கட்டடத்த மட்டும் பாக்க பர்மிஷன் வாங்கிட்டு எனக்கு போன் பண்றார். "கண்ணு, உன் போன்ல லைட்டு நல்லா எரியுமா?" அவ்ளோதான், நான் லீவு போட்டேன்.

காலைல பெங்களூர்ல இருந்து மாரிக்குப்பம் ட்ரெயின். நாங்க போற ட்ரெயின்ல காலு நீட்டி படுக்கலாம், எதிர்ல வர்ற ட்ரெயின்ல படியில தொங்கறாங்க. மொத்த தங்கவயலும் காலைல பெங்களூருக்கு வேலைக்கு போய் ராத்திரி திரும்புது, சுரங்கம் மூடினதுல இருந்து ஊரோட பொழப்பே அந்த ட்ரெயின்தான். நான் மட்டும் அதுல இருந்து தப்பிச்சு பெங்களூர்லயே ரூம் எடுத்து தங்கிட்டேன், அத ஒரு சாதனையா எங்கம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டிருக்காங்க.

எறங்கினா முதல்ல கண்ணுல படறது சைனைட் மலை. வெளியூர்காரங்களுக்கு சொல்றேன், அது மலை இல்ல. கல்ல வெட்டி மேல கொண்டாந்து, மாவா அரைச்சு, சைனைட் தண்ணியில தங்கத்த கரைச்சு எடுத்துட்டு மிச்சத்த கொட்டினது, நூறு வருஷத்துக்கு மேல கொட்டினா மலையாத்தான் நிக்கும். மூணு கோடி டன்னுக்கு மேல இருக்குதுன்னு கணக்கு. ஆடி மாசம் காத்தடிச்சா சோத்துல அந்த மண்ணு இருக்கும், சின்ன வயசுல நாங்க அதுல சறுக்கி விளையாடியிருக்கோம், இப்ப நெனச்சா உடம்பு கூசுது. ஆரம்பத்துல டன்னு கல்லுக்கு நாப்பது கிராமுக்கு மேல தங்கம் கெடச்ச எடம் கடைசியில மூணு கிராம் அளவுக்கு எறங்கிருச்சு, அந்த மூணு கிராமுக்கு ஆளுங்க போக வேண்டிய ஆழமோ மூணு கிலோமீட்டர தாண்டிருச்சு. ஏன் மூடினாங்கன்னு கேக்கறவங்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். அந்த வேலைய நம்பி இருந்த குடும்பங்கள என்ன பண்ணாங்கங்கறது வேற கணக்கு, அத இங்க ஆரம்பிச்சா பதிவு முடியாது.

எந்த சாப்ட்டுன்னு, அதாவது கேஜு ஏறி எறங்கற குழி எதுன்னு, பேர் சொல்ல மாட்டேன். சொன்னா படம் பாத்துட்டு ரீல்ஸ் எடுக்க ஒரு கூட்டம் வரும். தங்கவயல்ல இருந்த சுரங்கங்கள்ல ஒண்ணான சாம்பியன் ரீஃப் பக்கம், அது போதும். 2020ல மூடின சுரங்கத்துக்குள்ள எறங்கி மூணு பேர் செத்தாங்க. காத்து கெட்டுப்போன குழி அது, உள்ள போனவன் மயக்கம் வருதுன்னு உணர்றதுக்குள்ள விழுந்துருவான். நாங்களும் தரைக்கு கீழ ஒரு அடி கூட போகல. சுரங்கத்துக்குள்ள போன கதைன்னு நெனச்சு படிக்கறவங்க இங்கயே எறங்கிக்கலாம்.

கேட்ட தாண்டினதும் லேம்ப் ரூம். தலைவிளக்கு மாட்டற ஸ்டாண்டு வரிசை வரிசையா துருப்புடிச்சு நிக்குது, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு நம்பர். காலைல உங்க லைட்ட எடுத்துட்டு போனா அந்த கொக்கி காலி. ஷிப்டு முடிஞ்சும் காலியாவே இருந்தா நீங்க இன்னும் கீழதான் இருக்கீங்கன்னு அர்த்தம், உடனே தேட ஆரம்பிச்சிருவாங்க. மாமா ஒரு நம்பர தேடினார். எங்க தாத்தாவோடது. அந்த வரிசையே இல்ல, யாரோ பேத்து எடுத்துட்டு போயிட்டாங்க.

தாத்தா குடியாத்தம் பக்கம். வடாற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்னு அங்க இருந்தெல்லாம் வந்த ஜனங்கதான் இந்த சுரங்கத்த தோண்டினது, பெரும்பாலும் நிலமில்லாத ஆதிதிராவிட ஜனங்க. ஊர்ல பண்ணையார் வயல்ல கெடக்கறதுக்கு பூமிக்கு அடியில வேகறது மேல்னு வந்தவங்க. வந்தவங்க சும்மாவும் இருக்கல, அயோத்திதாசரோட பௌத்த சங்கம் மாரிக்குப்பத்துல அந்த காலத்துலயே நடந்திருக்கு, அவர் நடத்தி, அவர் காலமான பிறகு நின்னுபோன 'தமிழன்' பத்திரிகைய 1926ல அவர் வழியில வந்த அப்பாதுரையார் திரும்ப இங்க இருந்துதான் கொண்டாந்தார். தட்டி வீட்டுல இருந்துக்கிட்டு பத்திரிகை நடத்தின ஊரு. இத ஸ்கூல்ல ஒருத்தரும் எங்களுக்கு சொல்லல, ஜான் டெய்லர் கம்பெனி 1880ல வந்த கதைய மட்டும் பரீட்சைக்கு எழுதினோம்.

தாத்தா மிஷின் அடிக்கறவர், அதாவது டிரில்லர். கம்ப்ரெசர் ஹவுஸ்ல இருந்து பைப்ல போற காத்துதான் அந்த மிஷின ஓட்டும். கம்ப்ரெசர் ஹவுஸ எட்டி பாத்தோம், சிலிண்டரெல்லாம் யானை படுத்திருக்கற மாதிரி கெடக்குது, மேல கூரை பாதி இல்ல, நடுவுல ஒரு அத்திமரம் நல்லா செழிப்பா வளந்து நிக்குது. தாத்தா காலத்துல பாறை ஓட்ட போடறப்ப வர்ற தூசு நுரையீரல்ல போய் உக்காந்துரும். அவரோட இருமல்தான் எங்க வீட்டு அலாரம். சிலிக்கோசிஸ்ங்கற பேரு எனக்கு காலேஜ் போன பிறகுதான் தெரியும், வீட்ல அதுக்கு "மைன்ஸ் இருமல்"னுதான் பேரு.

கல்லு அரைக்கற மில்லு பக்கம் போகல, புதர், பாம்பு. வொர்க்‌ஷாப்ல டிரில் கம்பிய தீட்டற உலை, ரயில் மாதிரி சின்ன டப்பா வண்டிங்க, சக்கரம் ஒரு பக்கம் மண்ணுக்குள்ள. எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன், மாமா திரும்பி கூட பாக்கல. இன்ஜின் ஹவுஸ நோக்கி போய்க்கினே இருந்தார்.

இன்ஜின் ஹவுஸ் கல்லு கட்டடம், சர்ச்சு மாதிரி ஒசரமான ஜன்னல். கதவுக்கு பூட்டு, ஆனா கதவுக்கு பக்கத்துல சுவத்துல ஒரு ஆள் நுழையற ஓட்டை, அதனால அந்த பூட்ட யாருக்காக போட்டாங்கன்னு தெரியல. காவலுக்கு கூட வந்தவர் சாவியால தொறந்துதான் விட்டார், மரியாதையா. உள்ள போனதும் நூறு புறா ஒரே நேரத்துல எழும்புச்சு பாருங்க, எனக்கு நெஞ்சு நின்னு போச்சு.

கண்ணு பழகினதும் தெரிஞ்சது அந்த ட்ரம். ரெண்டு ஆள் ஒசரத்துக்கு மேல இருக்கும், இரும்பு உருளை, ஒரே அச்சுல ரெண்டு. ஒண்ணுல கயிறு மேல் பக்கமா வெளிய போகுது, இன்னொண்ணுல கீழ் பக்கமா. அதனால அச்சு ஒரு பக்கம் சுத்தறப்ப ஒரு கேஜு ஏறும், இன்னொண்ணு எறங்கும். ரெண்டு கேஜோட எடையும் ஒண்ண ஒண்ணு ஈடு கட்டிரும், மோட்டாருக்கு ஆளோட எடையும் கயித்தோட எடையும்தான் பாரம். கெணத்துல ரெண்டு குடம் கட்டி எறைக்கற அதே வித்தைதான், ஆழம் மட்டும் கிலோமீட்டர் கணக்கு.

ஆதியில இதெல்லாம் ஸ்டீம்ல ஓடினது, வெறகு வெட்டி வெட்டி சுத்துவட்டார காடே காலி. 1902ல சிவசமுத்திரத்துல காவிரி அருவியில கரண்டு எடுத்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்க கொண்டாந்தாங்க, அந்த காலத்துல உலகத்துலயே அவ்ளோ நீளமா கரண்டு இழுத்த எடம் ரொம்ப கம்மி. பெங்களூருக்கு கரண்டு வந்தது 1905ல. ஆபீஸ்ல யாராவது தங்கவயல கிராமம்னு சொன்னா நான் இந்த மூணு வருஷ வித்தியாசத்த எடுத்து விடுவேன், சண்டை கெளம்பும், சந்தோஷமா இருக்கும்.

மோட்டார்ல செம்புன்னு ஒண்ணும் மிச்சமில்ல, உள்ளுறுப்ப எடுத்த கோழி மாதிரி கெடக்குது. பித்தளை போர்டு போச்சு, பெல்லு போச்சு. ட்ரைவர் நாற்காலியோட இரும்பு காலு மட்டும் தரையில போல்ட்டு போட்டு நிக்குது. மாமா அதுக்கு பின்னாடி போய் நின்னார். அவருக்கு இடது கை பக்கம் பிரேக் லீவர், வலது கை பக்கம் கன்ட்ரோலர், நேர் எதிர்ல ஆழம் காட்டற டயல். ஒரு பெரிய கடிகாரம்னு வெச்சிக்கோங்க, மணிக்கு பதிலா லெவல் நம்பர். கேஜு எந்த லெவல்ல இருக்குன்னு முள்ளு காட்டும். அந்த முள்ள பாக்கத்தான் இவர் இத்தன வருஷம் கெடந்தது.

முள்ளு இல்ல. பித்தளை முள்ளாம். டயலோட வட்டம் மட்டும் சொவத்துல ஒட்டிக்கிட்டிருக்கு, நடுவுல ஒரு ஓட்டை.

மாமா ஒண்ணும் சொல்லல. நான் ஏதாவது பேசணுமேன்னு "மாமா, கேஜுல யாரு இருக்காங்கன்னு உங்களுக்கு தெரியுமா?"ன்னு கேட்டேன். "எப்படி தெரியும்? கீழ இருந்து மணி வரும். ஓடிக்கினு இருக்கறப்ப ஒரு மணின்னா நிறுத்து. மூணு மணின்னா ஆளு. அந்த ஆளுல எங்கப்பன் இருக்கானா எவன் இருக்கான்னு மணி சொல்லுமா? அவரு ரிடையர் ஆவற வரைக்கும் நாலு வருஷம் இதே கேஜுலதான் ஏறி எறங்கினாரு, எந்த ட்ரிப்புன்னு ஒரு நாளு கூட எனக்கு தெரியாது. வீட்டுக்கு போனா, இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஏத்தினது நீதானே, நிக்கறப்ப குலுக்குச்சுன்னு திட்டுவாரு. அப்பதான் தெரியும்."

ஆளு மட்டும் இல்லயாம், என்னென்னவோ எறக்கியிருக்கார். 1965ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல விஞ்ஞானிங்க நியூட்ரினோங்கற நுண்துகள புடிச்சாங்க, காத்துமண்டலத்துல உண்டாகற நியூட்ரினோவ உலகத்துலயே முதல் முதலா பாத்த எடங்கள்ல அது ஒண்ணு. மேல இருக்கற பாறை மத்த கதிரையெல்லாம் தடுத்துரும், நியூட்ரினோவ மட்டும் தடுக்க முடியாது, அதனாலதான் அவ்ளோ ஆழம் வேணும். அப்புறம் 80கள்ல புரோட்டான் சிதையுதான்னு பாக்க அங்கயே இரும்பு தகடா அடுக்கி ஒரு கருவி கட்டினாங்க. அந்த இரும்புல கொஞ்சம் இவர் எறக்கினதுதான்னு மாமா அடிச்சு சொல்றார். "புரோட்டான் செத்துச்சா மாமா?" "என்ன கேட்டா? நான் எறக்கினேன், அவ்ளோதான்."

ஏர்பிளாஸ்ட பத்தி கேட்டேன். அவ்ளோ ஆழத்துல பாறை மேல இருக்கற அழுத்தம் தாங்காம திடீர்னு குண்டு மாதிரி வெடிக்கும், அதுக்கு எங்க ஊர்ல ஏர்பிளாஸ்ட்டுன்னு பேரு. மரத்துல முட்டு குடுத்தா தாங்காதுன்னு கருங்கல்ல செதுக்கி அடுக்கி சுவரா கட்டி முட்டு குடுப்பாங்க, அப்பவும் வெடிக்கும். எனக்கு ஞாபகம் இருக்கறது மேல இருந்து. ராத்திரி பரண்ல பாத்திரம் கலகலன்னு ஆடும், அம்மா எழுந்து உக்காந்துப்பாங்க, லைன் முழுக்க ஒவ்வொரு வீட்லயும் லைட்டு எரியும். யாரும் பேச மாட்டாங்க. மாமா அந்த நேரத்துல இந்த நாற்காலியில ஒக்காந்து மணிக்காக காத்துக்கிட்டிருப்பார்னு எனக்கு அன்னிக்கு தோணினதே இல்ல. "கையில லீவரு, மணி வராது. பத்து நிமிஷம் வராது. அப்ப ஒரு வேர்வை வேர்க்கும் பாரு"ன்னார், அதோட விட்டுட்டார்.

திரும்பலாம்னு நான் கெளம்பறேன், மாமா ட்ரம்ம பாத்து நிக்கறார். "லைட்ட இங்க அடி." அடிச்சேன். இடது ட்ரம்ல கயிறு, பக்கத்துல பக்கத்துல ஒட்டி நெறைய சுத்து. வலது ட்ரம்ல அடி இரும்பே தெரியுது, ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் சுத்து.

இதுல ஒண்ண சொல்லணும். இந்த கட்டடத்துல கழட்டற மாதிரி இருந்த எல்லாத்தையும் கழட்டிட்டாங்க, ஆனா கயித்துல மட்டும் யாரும் கை வெக்கல. அந்த பக்கம் டன் கணக்குல தொங்குது, இந்த பக்கம் அறுத்தா அந்த முனை பாம்பு மாதிரி அடிச்சு ஆள ரெண்டா கிழிச்சிரும்னு திருடனுக்கும் தெரிஞ்சிருக்கு.

"எத்தன சுத்து, எண்ணு." மூணு எண்ணினேன். மாமாவும் ஒரு விரலால காத்துல எண்ணினார். கேஜு கடைசி லெவலுக்கு எறங்கினாலும் கயிறு மொத்தமா அவிழக்கூடாது, ட்ரம்ல ரெண்டு மூணு சுத்து எப்பவும் மிச்சம் இருக்கணும், அது சட்டம். அப்படின்னா மூணு சுத்துங்கறது என்ன? வலது கேஜு அடியில இருக்கு. இடது கேஜு மேல, சாப்ட்டு வாய அடைச்சு கட்டின செங்கல் தடுப்புக்கு பின்னாடி, நாங்க வெளிய நின்னப்ப பத்தடி தூரத்துல இருந்திருக்கு.

மாமா நாற்காலி காலு மேல கைய வெச்சுக்கிட்டு யோசிச்சார். "கடைசி ஆளுங்கள இடது கேஜுல ஏத்தியிருக்கான். பம்பு ஆளுங்களா இருக்கும். ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போயே ஆவணும். காலியா போயிருக்கு." பம்ப நிறுத்தின பிறகு ஊத்து தண்ணி ஏறி ஏறி கீழ் லெவல் எல்லாமே இப்ப முழுகி கெடக்கு. அந்த தண்ணிக்குள்ள, கதவு சாத்தின காலி கேஜு, மேல இந்த ட்ரம்முல மூணு சுத்தோட கட்டிப்போட்டு நிக்குது.

நான் போட்டோ எடுத்தேன். பிளாஷ் போட்டு, போடாம, கிட்ட, தூரமா. வெளிய வந்து ஆண்டர்சன்பேட்டையில டீ சாப்பிட்டோம், மாமா ரெண்டு வடை சாப்பிட்டார், சுகர் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லல. அங்கயே ஒக்காந்து அந்த வலது ட்ரம் போட்டோவ அவங்க பழைய ஆளுங்க வாட்ஸப் குரூப்புல போட சொன்னார். கீழ அவரே டைப் பண்ணார்: "3 சுத்து. கேஜு அடியில்."

நான் ட்ரெயின் ஏறி பங்காருப்பேட்டை தாண்டறதுக்குள்ள மாமா போன். கோவமா இருந்தார். குரூப்புல ஒருத்தர், ரோப்பு பிட்டரா, அதாவது கயித்த பாத்துக்கற வேலையில இருந்தவர், போட்டோவ பெருசாக்கி பாத்துட்டு அது மூணு சுத்து இல்ல நாலுங்கறாராம், நாலுன்னா கேஜு அடியில இல்ல, ஒரு சுத்து மேல நிக்குது, கடைசி ட்ரைவர் சரியா நிறுத்தலன்னு அர்த்தம் ஆயிடும். செத்துப்போன கூட்டாளி மேல பழி. "அது நெழலுடா, நீ பிளாஷ் போட்டதுல விழுந்த நெழலு, அந்த பிளாஷ் போடாத போட்டோவ ஒடனே அனுப்பு"ன்னார். அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் குரூப்புல சண்டை ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு அத்தை சொன்னாங்க.